அப்பத்தா பெட்டியிலிருந்த 26 வெள்ளி ரூபாய்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், ஒரு சுருக்குப் பைக்குள் 26 பழைய ரூபாய்க் காசுகள் இருந்திருக்கின்றன. 1840 போட்டவை 2, 1862 போட்டவை 7, விக்டோரியாவின் பிந்தைய ஆண்டுகள் 5, தாடி வைத்த வழுக்கைத்தலை ராஜா 3, கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் 6 (அதில் ஒன்று 1911), ஆறாம் ஜார்ஜின் 1944, 1945 ஒவ்வொன்று, புலி போட்ட 1947 ஒன்று. ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். இன்னொருவர் 1911ஐ மட்டும் தனியாகக் கேட்கிறார். அந்த இரண்டாவது ஆள் கேட்ட விதம்தான் உங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. இந்த 26இல் எதைத் தனியே எடுத்து வைப்பது, அதை அடுத்தவர் சொல்லாமல் நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி. கடைசி வரியில், கறுத்திருப்பவற்றை விபூதி போட்டுத் தேய்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டைத் தேய்த்திருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான் வியாபாரி இல்லை. 30 வருடமாகப் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களை மட்டும் சேர்த்து வருகிறேன். அதனால் ஆண்டு, அச்சு வேறுபாடு, தேய்மானம் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படங்களை வைத்து ஒரு காசு அசலா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு எடை வேண்டும், விளிம்பைப் பார்க்க வேண்டும், விளக்கின் கீழ் காசைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் கையாலேயே செய்யக்கூடிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் எடை. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது அதன் எடை 180 கிரெய்ன் என்று சட்டத்திலேயே எழுதியது. அதில் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி, மீதி 15 கலப்பு. இன்றைய கணக்கில் 11.66 கிராம். இதுதான் ஒரு தோலா. நாட்டு மருந்துக் கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அது இந்தக் காசின் எடைதான். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் எல்லாரின் ரூபாயும் இதே எடை, இதே தரம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசு 11.4 அல்லது 11.5 காட்டலாம். முகம் மழுங்கிய காசு அதற்கும் சற்றுக் கீழே போகலாம். ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கும் ஒரு காசு 11 கிராமுக்குக் கீழே காட்டினாலோ, எந்தக் காசாவது 11.8க்கு மேலே போனாலோ அதைத் தனியே வையுங்கள். புதிதாகத் தெரிவதற்கும் எடை குறைவாக இருப்பதற்கும் பொருத்தம் கிடையாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. காசுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் உலோகத்தை அறிய வீட்டில் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்பேன். தராசின்மேல் அரை டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காசு விலக்கிய தண்ணீரின் எடையைக் காட்டும். 11.66 கிராம் உள்ள நல்ல ரூபாய்க்கு அது 1.13 கிராம் பக்கத்தில் வரும். உங்கள் 1944, 1945 காசுகளுக்கு 1.22 பக்கத்தில் வரும். அவற்றில் பாதிதான் வெள்ளி, அதைப் பிறகு சொல்கிறேன். 1.3ஐத் தாண்டினால் செம்பு சார்ந்த உலோகத்தின்மேல் வெள்ளிப் பூச்சு என்று சந்தேகிக்கலாம். நூலில் காற்றுக் குமிழ் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே காசை மூன்று முறை செய்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். பெரியவர்கள் கல்லில் சுண்டிப் பார்ப்பார்கள். வெள்ளி கணீரென்று நீண்டு ஒலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விளிம்பு நசுங்கிவிடும், வேண்டாம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது உலோகத்தை மட்டும் சொல்லும், காசு நாணயச்சாலையில் அடித்ததா என்பதைச் சொல்லாது. நல்ல வெள்ளியிலேயே நகைப் பட்டறையில் அச்சடித்த ராணிக் காசுகள் இருக்கின்றன. அவை எடையிலும் தண்ணீரிலும் தேறிவிடும். எழுத்தின் வடிவத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

சரி, இனி ஆண்டு வாரியாகப் பார்ப்போம். பெரும்பாலானவர்கள் தவறு செய்யும் இடம் இதுதான். காசில் போட்டிருக்கும் ஆண்டும், காசு அடிக்கப்பட்ட ஆண்டும் எப்போதும் ஒன்றல்ல. உங்கள் 1840 காசுகள் 1840இல்தான் அடித்தவை என்று சொல்ல முடியாது. விக்டோரியா பட்டத்துக்கு வந்தபின் கம்பெனி வெளியிட்ட ரூபாயில் 1840 என்ற ஆண்டைப் போட்டு, கம்பெனி ஆட்சி போன பின்பும் 1862இல் புதுக் காசு வரும்வரை அதே ஆண்டோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவற்றுக்குள் எது முந்தியது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ராணி தலைக்கு மேலே 'விக்டோரியா குயின்' என்ற எழுத்து ஒரே வளைவாக விடாமல் ஓடுகிறதா, அல்லது ராணியின் தலை நடுவில் புகுந்து ஒரு பக்கம் 'விக்டோரியா', மறுபக்கம் 'குயின்' என்று பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். விடாமல் ஓடுவது முந்தியது, பிரிந்திருப்பது பிந்தியது. நீங்கள் போட்ட படத்தில் ஒன்று விடாமல் ஓடுவது, மற்றது பிரிந்தது. இரண்டு வகையும் ஒரே பையில் கிடைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்புறம் ராணியின் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். 'டபிள்யூ டபிள்யூ' என்று இரண்டு எழுத்து இருக்கலாம். லண்டனில் அச்சு செதுக்கிய வில்லியம் வயானின் முதலெழுத்துகள் அவை. சில காசுகளில் அந்த எழுத்து மேடாக இருக்கும், சிலவற்றில் பள்ளமாக இருக்கும். பின்புறத்தில் இலை மாலைக்குள் இருக்கும் சின்னப் பழங்களையும் எண்ணுங்கள். சிரிக்க வேண்டாம், சேகரிப்பவர்கள் இதை மணிக்கணக்கில் எண்ணுவோம். 19, 20, 28, 34, 35 என்று எண்ணிக்கை அச்சுக்கு அச்சு மாறும். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று நாணயச்சாலைகள் அந்தக் காலத்தில் ரூபாய் அடித்தன. எந்தச் சாலை என்று காசில் எழுதியிருக்காது, இந்த மாதிரி நுணுக்கங்களை வைத்துத்தான் பிரிக்கிறோம். சென்னை நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அது இருந்ததால்தான் ஜார்ஜ் டவுனில் இன்னும் தங்கசாலைத் தெரு என்ற பெயர் இருக்கிறது.

உங்கள் பையில் எனக்கு அதிகம் ஆர்வமூட்டுவது அந்த 7 காசுகள், 1862 போட்டவை. கடைக்காரர் 1911ஐக் கேட்டார், நான் இருந்திருந்தால் இந்த ஏழையும் மேசையில் பரப்பியிருப்பேன். 1858இல் கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போன பிறகு வந்த முதல் வகை இது. கிரீடம் வைத்த ராணி, பின்புறம் பூவேலைக்கு நடுவே 'ஒன் ருபி இந்தியா 1862'. இதிலும் அதே கதைதான். 1873 வரை அடித்த காசுகளிலெல்லாம் 1862 என்றே போட்டார்கள். 1874இலிருந்துதான் அந்தந்த ஆண்டைப் போடும் வழக்கம் வந்தது. ஆக 1862 என்று போட்ட காசு பதினொன்று, பன்னிரண்டு வருட உற்பத்தி. அதனால்தான் அது எல்லார் வீட்டிலும் கிடைக்கிறது. பழசு என்பதற்காக அரிது என்று நினைத்துவிடக் கூடாது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் வகைகள் ஒளிந்திருக்கின்றன. பம்பாய் நாணயச்சாலை அடித்த ஆண்டைத் தனக்குத் தெரியும்படி குறித்துக்கொள்ளச் சின்னச் சின்னப் புள்ளிகளை வைத்தது. ஆண்டு எண்ணுக்குக் கீழே புள்ளிகள் இருக்கும், சிலவற்றில் மேற்புறத்திலும் இருக்கும். ஒவ்வொரு காசிலும் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எழுதிவையுங்கள். சில சேர்க்கைகள் சாதாரணமாகக் கிடைக்கும், சில வருடக்கணக்கில் தேடினாலும் கைக்கு வராது. புள்ளிக்குப் பிறகு, ராணியின் மார்பில் உடையின் முன்பகுதியில் இருக்கும் சித்திரவேலைக் கட்டங்களைப் பாருங்கள். அவற்றின் எண்ணிக்கை எல்லாக் காசிலும் ஒன்றாக இருக்காது, மூன்று விதமான மார்புருவங்கள் உண்டு. பின்புறத்தில் உச்சியில் இருக்கும் பூ விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதும் ஒரு வேறுபாடு. இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் ஒவ்வொரு காசுக்கும் ஒரு முகவரி கிடைத்துவிடும். உங்கள் படங்கள் மங்கலாக இருப்பதால் புள்ளிகளை என்னால் எண்ண முடியவில்லை. அழுக்குத் துகளும் புள்ளி மாதிரியே தெரியும் என்பதால் ஊகித்துச் சொல்லவும் விரும்பவில்லை.

புள்ளியா, கோடா, கீறலா என்று குழப்பம் வரும்போது ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள். காசின் பரப்பிலிருந்து மேடாக எழுந்து நிற்பது அச்சிலிருந்து வந்தது. பள்ளமாக உள்ளே போயிருப்பது பெரும்பாலும் பின்னால் யாரோ செய்தது. அச்சில் வெடிப்பு விழுந்தால் காசில் மேடான கோடாக வரும். காசை ஆணியால் கீறினால் பள்ளமாக இருக்கும். மேடா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நிழல் விழும் பக்கத்தைப் பாருங்கள். நாணயச்சாலை எழுத்துகளிலும், முன்பு சொன்ன 'டபிள்யூ டபிள்யூ' போன்ற முதலெழுத்துகளிலும் சில வேண்டுமென்றே பள்ளமாகப் பொறிக்கப்பட்டவை, அவை மட்டும் இதற்கு விலக்கு.

அடுத்த 5 காசுகளில் 'குயின்' என்ற இடத்தில் 'எம்ப்ரஸ்' என்று இருக்கும். 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டார், காசும் அந்த ஆண்டே மாறியது. இந்த வகையில் நாணயச்சாலை எழுத்து வரத் தொடங்குகிறது. பின்புறப் பூவேலைக்குள் மிகச் சின்னதாக கல்கத்தாவுக்கு 'சி', பம்பாய்க்கு 'பி'. தேய்ந்த காசில் அது முதலிலேயே மறைந்துவிடும். 1893 ஜூனில் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை அரசு நிறுத்தியது. அதனால் 1890களின் பின்பாதி ஆண்டுகள் குறைவாகவே கிடைக்கும். 1900, 1901 மறுபடியும் ஏராளம். உங்கள் ஐந்தில் 1901 மூன்று இருப்பதில் வியப்பில்லை. 1898 என்று நீங்கள் எழுதியிருக்கும் காசின் கடைசி எண்ணை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். அது 8தான் என்றால் அந்த ஐந்தில் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்.

எட்வர்ட் ரூபாய் 1903 முதல் 1910 வரை. அவர் தலையில் கிரீடம் கிடையாது, அதனால்தான் வழுக்கைத்தலை ராஜா என்று நம் ஊரில் சொல்வார்கள். வகைகள் அதிகமில்லை. பம்பாய் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

இனி அந்த 1911. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில், அவர் உடையில் தொங்கும் மாலைச் சங்கிலியில் ஒரு யானை உண்டு. அதன் தும்பிக்கையும் கால்களும் குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு அது பன்றி மாதிரி தெரிந்தது. ராஜாவின் மார்பில் பன்றியைப் போட்டிருக்கிறார்கள் என்று முஸ்லிம் மக்களிடையே எதிர்ப்புக் கிளம்ப, வெளியே விடாமல் மீதியிருந்தவற்றை நிறுத்தி உருக்கினார்கள். 1912இல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மற்ற ஆண்டுகளைவிட இது குறைவு என்பது உண்மை. ஆனால் கிடைக்கவே கிடைக்காத காசு என்று சொல்வது விற்பவர்களின் பேச்சு. நல்ல நிலையில் இருக்கும் 1911க்கு மதிப்பு உண்டு. உங்களுடையதில் யானையின் உடலே தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர் கேட்டதில் தவறில்லை, ஆனால் உங்கள் பையில் அது ஒன்றுதான் பார்க்கத்தக்கது என்று நீங்கள் எண்ணிக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு.

மற்ற ஐந்தில் 1916, 1918, 1919 இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, 1917 நவம்பர் 30இல் அரசு ஒரு ரூபாய் நோட்டு அடிக்கும் நிலைக்கு வந்தது. 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றித் தன்னிடமிருந்த கோடிக்கணக்கான வெள்ளி டாலர்களை உருக்கி, அந்த வெள்ளியில் பெரும்பகுதியை இந்திய ரூபாய்க்காக விற்றது. உங்கள் 1918, 1919 காசுகளில் இருப்பது அமெரிக்க டாலராக இருந்த வெள்ளியாகவே இருக்கலாம். இந்தக் காரணத்தால்தான் அந்த ஆண்டுகள் எல்லாப் பெட்டியிலும் கிடைக்கின்றன. 1921, 1922 அப்படியல்ல, அவை எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்புறம் அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

1944, 1945 காசுகள் பார்வைக்கு வெள்ளிதான், ஆனால் 1940இலிருந்து ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். விளிம்பில் நடுவே ஒரு பள்ளமான வேலைப்பாடு ஓடும், கள்ளக்காசைத் தடுக்க அப்போது புகுத்தியது. பின்புறம் அடியில் 'எல்' இருந்தால் லாகூர் நாணயச்சாலை. முந்தைய ரூபாயில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம், இவற்றில் 5.8 கிராம்தான். எடைக்கு வாங்குகிறவர் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு இந்தப் பாதி வெள்ளியின் விலையைச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். 1947 புலிக் காசு முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக் கணக்கில் அது வராது, ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி ரூபாய் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்தத் தேடலில் யாராவது உங்களிடம் 1939 ரூபாய் என்று ஒன்றை நீட்டுவார்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் இந்த வரிசையிலேயே பெரிய அரிய காசுகளில் ஒன்று. அதனாலேயே 1938இன் 8ஐச் செதுக்கி 9 ஆக்கிய காசுகள் நிறைய உலவுகின்றன. கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு சுரண்டப்பட்டோ வேறு நிறத்திலோ இருக்கும். கண்ணால் பார்த்து அந்தக் காசை வாங்கும் தைரியம் எனக்கே கிடையாது.

இனி நிலைமை. எத்தனை அரிய வகை என்றாலும், காசின் மேல்தோல் எப்படி இருக்கிறது என்பதுதான் கடைசியில் பேசும். புழக்கத்தில் முதலில் தேய்வது மிக உயரமான இடங்கள். விக்டோரியாவில் காதுக்கு மேல் முடி, கன்னம், கிரீடத்தின் மேல்வரி. எட்வர்டில் காது மடலும் அதை ஒட்டிய முடியும் தாடியும். ஐந்தாம் ஜார்ஜில் கிரீடத்தின் ரத்தினங்கள், காது, புருவம், உடையில் இருக்கும் யானை. முதலில் இந்த இடங்களைப் பாருங்கள். ஜார்ஜின் கிரீடத்தில் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக எண்ணும்படி இருந்து, மயிரிழைகள் கூர்மையாக இருந்தால் சேகரிப்பவர்கள் எக்ஸ்ட்ராஃபைன் அல்லது எக்ஸ்.எஃப் என்பார்கள். முத்துகள் ஒன்றோடொன்று கலந்து கோடாகத் தெரிந்தாலும் வடிவம் முழுதாக இருந்தால் வெரிஃபைன். முகத்தின் வெளிக்கோடும் எழுத்தும் தெளிவாக இருந்து உள்வேலைப்பாடு மறைந்திருந்தால் ஃபைன். அதற்குக் கீழே எல்லாம் வெள்ளி விலைதான், வகை மிக அரிதாக இருந்தாலொழிய. துளியும் தேயாததுதான் அன்சர்குலேட்டட். பெயர்கள் பெருமையாக இருக்கின்றன, ஆனால் ஃபைனுக்கும் வெரிஃபைனுக்கும் நடுவே விழும் காசு நிறைய. அதில் இரண்டு நேர்மையான மனிதர்கள் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். விற்பவர் ஒரு படி மேலே சொல்வார், வாங்குபவர் ஒரு படி கீழே சொல்வார். உங்கள் படங்களில் இருந்து நான் சொல்லும் கிரேடும் ஒரு படி தவறலாம்.

தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, அச்சு சரியாக விழாத காசு. நடுப்பகுதி மங்கலாக இருந்து, ஆனால் அந்த மங்கலான இடத்திலும் பளபளப்பு ஓடினால் அது தேயவில்லை, அடிக்கும்போதே அழுத்தம் போதவில்லை. இதைப் பார்க்க மஞ்சள் விளக்கின் கீழ் காசின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சிலிருந்து புதிதாக வந்த பரப்பில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒளி சுற்றும். புழங்கிய காசில் அந்த ஆரக்கால் உயரமான இடங்களில் அறுந்துவிடும். தேய்த்துக் கழுவிய காசில் அது இருக்கவே இருக்காது, காசு முழுதும் ஒரேமாதிரி வெள்ளையாக வெறித்துப் பார்க்கும்.

இதனால்தான் விபூதி வேண்டாம் என்றேன். கறுப்பு என்பது வெள்ளி காற்றிலிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். அது காசுக்கு நோய் இல்லை, போர்வை. ஓரத்திலிருந்து நீலமும் பொன்னிறமுமாக மெல்லப் படர்ந்த கறுப்பைச் சேகரிப்பவர்கள் விரும்பிக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள். விபூதி, புளி, பற்பசை, எலுமிச்சை எதுவானாலும் அந்தப் படலத்தோடு கீழே இருக்கும் அச்சுப் பரப்பையும் ஒரு பிசிறு எடுத்துக்கொண்டு போகும், நுண்ணிய கீறல்கள் நிறைய விடும். பூஜைப் பாத்திரத்துக்கு அது சரி. காசுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க உலகத்தில் யாராலும் முடியாது. எனக்கு 19 வயதில் தாத்தா ஒரு 1862 ரூபாய் கொடுத்தார், மேலே இரண்டு புள்ளி போட்டது. அதை அழகாக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பற்பசையால் தேய்த்தேன். அந்த வகை எவ்வளவு குறைவு என்று பல வருடம் கழித்துத் தெரிந்தபோது அந்தக் காசில் ஒளி செத்திருந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருக்கும் காசுகளை பேட்டரி கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, துடைக்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ பச்சை நிறப் பிசினோ இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பில்லாத அறையில் செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சேர்மானங்கள் உண்டு. காசுகளை ரப்பர் பேண்டில் கட்டாதீர்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் பலவும் வருடம் போகப்போகக் கசிந்து அந்தப் பச்சைப் பிசினை உண்டாக்கும். அட்டைச் சட்டத்தில் மைலார் படலம் வைத்த உறைகள் காசுக் கடைகளில் கிடைக்கும், அவை பாதுகாப்பானவை.

இன்னொரு சேதத்தை நம் ஊர்க் காசுகளில் அடிக்கடி பார்க்கிறேன். கழுத்தில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு கழற்றிய தடம். காசை நேராகப் பிடித்தால் உச்சியில் விளிம்பின் வரிகள் ஒரு விரல்நுனி அளவுக்கு வழவழப்பாக இருக்கும், அல்லது வேறு நிறத்தில் ஈயமோ வெள்ளியோ அப்பியிருக்கும். 26ஐயும் விளிம்பு ஓரமாக ஒருமுறை சுற்றிப் பாருங்கள். விளிம்பைப் பார்க்கும்போதே வார்ப்புக் காசா என்பதும் தெரிந்துவிடும். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு இருக்கும், வரிகள் ஒரு இடத்தில் அடர்த்தியாகவும் மற்றொரு இடத்தில் குறைவாகவும் ஓடும், எழுத்தின் ஓரங்கள் சோப்பு மாதிரி வழுக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் நிறைய இருக்கும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1818 என்றும் எழுதிய காசுகள் யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி ரைஸ் புல்லிங் பேசுபவர்கள் மோசடிக்காரர்கள், அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாம் என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே ஆலோசனை சொல்லியிருக்கிறார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசுகளும் தொல்பொருள்தான். அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. உங்களுடையவற்றில் 1840 முதல் 1919 வரை எல்லாமே அதில் அடங்கும். வீட்டில் வைத்திருப்பதில் பிரச்சினை கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்று இரவு இதைச் செய்வேன். 26 சின்னத் தாளுறைகள், ஒவ்வொன்றின்மேலும் எடை, ஆண்டு, எழுத்தோ புள்ளியோ இருப்பது, விளிம்பில் தடம் உண்டா இல்லையா. பாதி வெள்ளி இரண்டையும் புலிக் காசையும் தனியே. இரண்டு 1840, ஏழு 1862, அந்த 1898, அந்த 1911, ஆக 11 காசுகளை எடைக்குக் கொடுக்கும் குவியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் ஆரக்கால் ஒளி சுற்றுவது ஏதாவது இருந்தால் அதுவும் இதோடு சேரும். ஏழு 1862 காசுகளின் பின்புறத்தை மட்டும், வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரத்தில், பிளாஷ் போடாமல், ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் போடுங்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே இருக்கும் பகுதியும் உச்சிப் பூவும் தெளிவாக வர வேண்டும். புள்ளிகளைச் சேர்ந்து எண்ணுவோம்.